தனியார் மனநல ஆலோசனையில் உங்கள் தகவல்களின் இரகசியம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மனநல ஆலோசனைக்குச் செல்பவர், வேறு எவரிடமும் சொல்லாத செய்திகளை ஆலோசகரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மணவாழ்வில் உள்ள பூசல், குடிப்பழக்கம், கடன், பாலியல் சார்ந்த கவலை, தற்கொலை எண்ணம் முதலியவை அவற்றுள் சில. இவை மறைக்கப்படாமல் சொல்லப்பட்டால்தான் ஆலோசனை பயன் தரும். சொன்னது வெளியே தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் பாதியை மறைப்பவருக்கு, அந்தப் பாதிக்கான உதவி கிடைப்பதில்லை. தற்கொலை எண்ணத்தை மறைப்பவருக்கு இவ்வச்சம் உயிராபத்தாகவும் முடியலாம்.

அதே வேளையில், “நீங்கள் சொல்லும் எதையும் எக்காரணம் கொண்டும் வெளியிட மாட்டோம்” என்று எந்த ஆலோசகரும் உறுதியளிக்க இயலாது. இரகசியம் காப்பது பொது விதி. அதற்குச் சில விலக்குகளும் உண்டு. அவ்விலக்குகள் எவை என்பதை முதல் அமர்விலேயே அறிந்துகொள்வது ஆலோசனை பெறுபவரின் உரிமை. தனியார் ஆலோசனை மையங்களில் தகவல்கள் எவ்வாறு சேகரிக்கப்படுகின்றன, யாரிடம் செல்லலாம், யாரிடம் செல்லக் கூடாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• ஆலோசனையில் நீங்கள் சொல்வதை இரகசியமாகக் காப்பது ஆலோசகர் உங்களுக்குச் செய்யும் சலுகை அன்று. அது அவருடைய கடமை.
• கட்டணம் செலுத்துபவர், உடன் வருபவர், வாழ்க்கைத் துணைவர், பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் எவரும் வயது வந்த ஒருவரின் ஆலோசனை விவரங்களைப் பெற உரிமை உடையவர் ஆவதில்லை.
• உயிராபத்து, பிறருக்குத் தீங்கு, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம், நீதிமன்ற ஆணை ஆகிய சூழல்களில் தேவையான அளவு தகவல் மட்டும் பகிரப்படலாம்.
• “ஆலோசகர்” என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்போர் அனைவரும் பதிவு பெற்றவர்கள் அல்லர். ஆலோசகரின் தகுதியையும் பதிவையும் கேட்டறிந்த பின்னரே ஆலோசனையைத் தொடங்குக.

எவை தனிப்பட்ட தகவல்கள்?

அமர்வில் பேசப்படுவது மட்டுமே இரகசியம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், ஒருவர் ஆலோசனைக்கு வருகிறார் என்பதே ஒரு தனிப்பட்ட தகவல்தான். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டிலும், பணி உயர்வை எதிர்பார்க்கும் அலுவலகத்திலும் அந்த ஒரு செய்தியே பாதிப்பை உண்டாக்கப் போதுமானது. ஆகவே பின்வருவன அனைத்தும் பாதுகாக்கப்பட வேண்டியவை:

• பெயர், முகவரி, கைபேசி எண், அவசரத் தொடர்புக்குக் கொடுத்த உறவினரின் எண்
• அமர்வுகளின் நாள், நேரம், எண்ணிக்கை
• நோய் வரலாறு, உட்கொள்ளும் மருந்துகள், உளவியல் சோதனை முடிவுகள்
• ஆலோசகர் எழுதும் குறிப்புகள்
• குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், காணொலி அழைப்பு விவரங்கள்
• கட்டண இரசீதுகள்

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

தனிமனித அந்தரங்கம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இந்த உரிமையை நடைமுறைப்படுத்த உதவும் சட்டங்கள் பின்வருமாறு:

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017: மனநோய் உள்ள ஒருவர் தம் மனநலம், சிகிச்சை, உடல்நலப் பராமரிப்பு ஆகியவை பற்றிய இரகசியத்திற்கு உரிமை உடையவர் என்று இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது. சிகிச்சை அளிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் அனைவரும் சிகிச்சையின்போது பெற்ற தகவல்களை இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள். 24ஆம் பிரிவின்படி, நோயாளியின் புகைப்படத்தையோ அவர் பற்றிய தகவலையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்கு அளிக்கக் கூடாது. மின்னணு வடிவில் சேமித்து வைக்கப்பட்ட தகவல்களுக்கும் இவ்வுரிமை பொருந்தும்.

மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிமுறைகள், 2002: மனநல மருத்துவர்கள் உள்ளிட்ட பதிவு பெற்ற மருத்துவர்கள் அனைவரையும் இவை கட்டுப்படுத்தும். நோயாளி சொன்ன இரகசியங்களை வெளியிடுவது தொழில்முறைத் தவறு என இவை வரையறுக்கின்றன. நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகளும் கூறப்பட்டுள்ளன.

மின்னணு முறையிலான தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023: கணினியிலோ கைபேசியிலோ தகவல் சேமிக்கும் மையங்களுக்கு இது பொருந்தும். எந்தத் தகவல், எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்பதை எளிய மொழியில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் வாய்ப்பையும் இச்சட்டம் அளிக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் அளித்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்திற்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது “நேர்மையற்ற வணிக நடைமுறை” என இச்சட்டம் வரையறுக்கிறது. கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கும் எவருக்கும் இது பொருந்தக் கூடியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் “மனநலப் பணியாளர்” எனக் குறிக்கப்படுவோருள் மனநல மருத்துவரும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரும் அடங்குவர். தனியார் மையங்களில் பணியாற்றும் ஆலோசகர்கள் பலர் இவ்வரையறைக்குள் வருவதில்லை. அவர்களிடம் ஆலோசனை பெறுபவருக்கு, நுகர்வோர் சட்டமும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எழுத்துமூல ஒப்பந்தமுமே முதன்மையான அரண்கள். எனவே இரகசியம் பற்றிய உறுதிமொழியை வாய்மொழியாக மட்டும் பெறாமல் எழுத்துவடிவில் பெறுவது நல்லது.

முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து கடைசி அமர்வு வரை

நேரம் பெறும்போது: முன்பதிவை ஏற்கும் வரவேற்பாளரிடம் உங்கள் பிரச்சினையை விரிவாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. பெயர், தொடர்பு எண், அவசர நிலை உண்டா இல்லையா என்ற அளவே போதும். நினைவூட்டல் செய்தி எந்த எண்ணுக்கு வர வேண்டும், அதில் மையத்தின் பெயர் இடம்பெறலாமா என்பதை அப்போதே சொல்லிவிடலாம். வீட்டில் பலர் ஒரே கைபேசியைப் பயன்படுத்துவது வழக்கமாயின் இது மிகவும் இன்றியமையாதது.

காத்திருக்கும் இடத்தில்: முழுப்பெயரை உரக்க அழைப்பது, வருகைப் பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைப்பது, அடுத்த அறையின் பேச்சு வெளியே கேட்பது ஆகியவை இரகசியம் காப்பதில் உள்ள குறைகளே. இவற்றைச் சுட்டிக்காட்ட நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

படிவம் நிரப்பும்போது: ஆலோசனைக்குத் தொடர்பில்லாத தகவல்கள் கேட்கப்பட்டால், “இது எதற்காகத் தேவைப்படுகிறது?” என்று கேட்கலாம். அவசரத் தொடர்பு எண் கொடுக்கும்போது, எச்சூழலில் அந்த எண்ணை அழைப்பார்கள், என்ன சொல்வார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்க.

அமர்வின்போது: ஆலோசகர் குறிப்பெடுப்பது இயல்பு. சென்ற முறை பேசியதை நினைவில் வைத்துச் சிகிச்சையைத் தொடர அது உதவுகிறது. ஒலிப்பதிவோ காணொலிப்பதிவோ செய்வதற்குத் தனியான ஒப்புதல் வேண்டும். மறுப்பதனால் ஆலோசனை மறுக்கப்படக் கூடாது.

மேற்பார்வையில்: ஆலோசகர்கள் தம் மூத்த வல்லுநருடன் கலந்து பேசித் தம் பணியைச் செம்மைப்படுத்திக்கொள்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட நல்ல வழக்கம். அவ்வாறு பேசும்போது பெயர், ஊர், பணியிடம் போன்ற அடையாளங்கள் நீக்கப்பட வேண்டும். பயிற்சி மாணவர்கள் உடனிருக்க உங்கள் இசைவு தேவை.

பணம் செலுத்தும்போது: யுபிஐ வழியாகச் செலுத்தினால் வங்கிக் கணக்கு விவரத்தில் மையத்தின் பெயர் தோன்றும். குடும்பத்தினருடன் கூட்டுக் கணக்கு வைத்திருப்போர் இதை எண்ணிப் பார்த்துச் செலுத்தும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். இரசீதில் நோயின் பெயர் இடம்பெறத் தேவையில்லை.

வேறு மருத்துவரிடம் அனுப்பும்போது: மருந்து தேவைப்படும் நிலையில் ஆலோசகர் உங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். சிகிச்சைக்குத் தேவையான தகவலைச் சிகிச்சை அளிக்கும் பிற வல்லுநருடன் பகிர்வதை மனநலப் பராமரிப்புச் சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் பரிந்துரைக் கடிதத்தை உங்களிடம் காட்டி, அதன் உள்ளடக்கத்தை விளக்கிய பின்னரே அனுப்புவது நன்முறை.

ஆலோசனை முடிந்த பின்: உங்கள் கோப்பு எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும், பின்னர் எவ்வாறு அழிக்கப்படும், மையம் மூடப்பட்டால் அல்லது ஆலோசகர் வேறிடம் சென்றால் கோப்பு யார் பொறுப்பில் இருக்கும் என்பவற்றை மையம் சொல்ல முடிய வேண்டும்.

இணையவழி ஆலோசனை

காணொலி வழி ஆலோசனையில் இரு பக்கத்தினருக்கும் பொறுப்பு உண்டு. ஆலோசகர் தனியறையில், பிறர் கேட்க இயலாதவாறு அமர்ந்திருக்க வேண்டும். நீங்களும் கதவை மூடிய அறையிலோ, வீட்டில் இடமில்லையெனில் வேறு தனிமையான இடத்திலோ இருந்து பேசுக. காதுக்கருவி பயன்படுத்தினால் ஆலோசகரின் பேச்சு அருகில் இருப்போருக்குக் கேட்காது. பேச்சை இடையில் நிறுத்த நேர்ந்தால் பயன்படுத்துவதற்கு ஒரு குறிப்புச் சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் நீண்ட விவரங்களை எழுதி அனுப்புவதைத் தவிர்க்கவும். செய்தி செல்லும் வழியில் பாதுகாப்பாக இருந்தாலும், உங்கள் கைபேசியைத் திறக்கும் எவரும் அதைப் படிக்க இயலும். கைபேசிக்குக் கடவுச்சொல் இடுவதும், பூட்டிய திரையில் செய்தி தோன்றாதவாறு அமைப்பதும் எளிய பாதுகாப்புகள். மையத்தைப் பாராட்டிப் பொதுவெளியில் மதிப்புரை எழுதுமாறு கேட்டால், அது நீங்கள் ஆலோசனை பெற்றதை உங்கள் பெயருடன் அறிவிப்பதாகும் என்பதை நினைவில் கொள்க.

இரகசியத்திற்கு விலக்கான சூழல்கள்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறும் விலக்குகள் வரையறைக்கு உட்பட்டவை. அவற்றின் சாரம்:

• நியமனப் பிரதிநிதி தம் கடமையைச் செய்வதற்குத் தேவையான தகவல்
• சிகிச்சை அளிக்கும் பிற வல்லுநர்களுக்குத் தேவையான தகவல்
• வேறொருவரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காப்பதற்கான தகவல்
• உயிருக்கு நேரும் ஆபத்தைத் தடுப்பதற்கான தகவல்
• மனநல மறுஆய்வு வாரியம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் அல்லது சட்ட அதிகாரம் பெற்ற அமைப்பின் ஆணைப்படி வழங்க வேண்டிய தகவல்
• பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டு வழங்கும் தகவல்

உயிராபத்து, பிறருக்குத் தீங்கு ஆகிய சூழல்களில் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டுமே சட்டம் வெளியிட அனுமதிக்கிறது. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமிட்டிருப்பதை அவருடைய சகோதரருக்குத் தெரிவிக்க நேர்ந்தால், “இன்றிரவு அவரைத் தனியே விட வேண்டாம், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்” என்று சொல்வது போதுமானது. அந்த எண்ணத்திற்குக் காரணமான காதல் தோல்வியையோ கடனையோ விரித்துரைப்பது வரம்பு மீறலாகும். இயன்றவரை, சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரையும் உடன் வைத்துக்கொண்டே குடும்பத்தினரிடம் பேசுவதே சிறந்தது.

தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் காவல் துறைக்குத் தெரிவிப்பார்களா?

புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. தற்கொலை எண்ணம் இருப்பது குற்றம் அன்று. தற்கொலைக்கு முயன்ற ஒருவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும், அவருக்கு மேலும் அதே நிலை நேராதவாறு பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் இருந்த பொதுவான தண்டனை விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

“செத்துவிடலாம் போல் இருக்கிறது” என்று சொன்ன உடனேயே ஆலோசகர் வீட்டாரை அழைப்பதில்லை. அந்த எண்ணம் எவ்வளவு நாளாக உள்ளது, திட்டம் உண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளதா, முன்பு முயன்றதுண்டா என்று கேட்டு ஆபத்தின் அளவை மதிப்பிடுவார். ஆபத்து உடனடியானது என்று தோன்றும்போதே பிறரின் உதவியை நாடுவார். ஆகவே இவ்வெண்ணத்தை மறைக்க வேண்டாம். பெரும்பாலும் அது உங்களுக்கும் ஆலோசகருக்கும் இடையிலேயே வைத்துக் கையாளப்படும்.

பராமரிப்பாளர்களுக்கு

மகனை ஆலோசனைக்கு அழைத்து வரும் தாய், அமர்வு முடிந்ததும் “என்ன சொன்னான்?” என்று கேட்பது இயற்கை. அக்கேள்வியில் இருப்பது அன்பும் அச்சமுமே. ஆயினும் மகன் 18 வயது நிறைந்தவராயின், அவருடைய இசைவின்றி ஆலோசகர் அதற்கு விடை சொல்ல முடியாது. இம்மறுப்பை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். தாம் சொன்னது வீட்டிற்குப் போய்விட்டது என்று ஒருமுறை உணர்ந்தவர், அடுத்த முறை ஆலோசகரிடமும் வாய் திறப்பதில்லை. மீண்டும் உதவி தேடவும் தயங்குவார்.

இரகசியம் காக்கும் கடமை ஆலோசகர் பேசுவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு அது தடையில்லை. எனவே வீட்டில் நீங்கள் காணும் மாற்றங்களை ஆலோசகரிடம் தாராளமாகச் சொல்லலாம்: உறக்கமின்மை, உணவு குறைதல், மருந்தை நிறுத்திவிடுதல், தனியே பேசுதல், உயிரை விடுவது பற்றிய பேச்சு. நீங்கள் சொன்னதை ஆலோசனை பெறுபவரிடம் ஆலோசகர் தெரிவிக்கக் கூடும் என்பதையும் எதிர்பார்த்தே சொல்லுங்கள்.

மேலும், நோயின் பொதுத் தன்மை, மருந்துகளின் பக்கவிளைவுகள், ஆபத்தின் அறிகுறிகள், வீட்டில் நடந்துகொள்ள வேண்டிய முறை ஆகியவற்றை நீங்கள் கேட்டறியலாம். இவை பொதுவான மருத்துவ அறிவு. எவருடைய இரகசியமும் இவற்றில் வெளிப்படுவதில்லை.

கடும் மனநோய் உள்ள ஒருவரைத் தொடர்ந்து பராமரிப்பவராக நீங்கள் இருந்தால், நியமனப் பிரதிநிதி ஏற்பாடு பயனுள்ளது. 18 வயது நிறைந்த எவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ கைநாட்டு வைத்தோ தம் பிரதிநிதியாக நியமிக்கலாம். அதைப் பின்னர் மாற்றவும் நீக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நோய் தணிந்து, தெளிவான மனநிலையில் இருக்கும்போதே இதைப் பேசி முடிவு செய்வது நல்லது.

18 வயதுக்கு உட்பட்டோர்

சிறார்களின் சட்டப்படியான காப்பாளரே அவர்களின் நியமனப் பிரதிநிதி ஆவார். ஆகவே பெற்றோருக்குச் சிகிச்சை பற்றி அறியும் உரிமை உண்டு. ஆயினும் வளரிளம் பருவத்தினர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பெற்றோரிடம் ஒப்பித்தால் ஆலோசனை நடைபெறாது. எனவே தேர்ந்த ஆலோசகர்கள் முதல் அமர்வில் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே அமர்த்தி, “பாதுகாப்புத் தொடர்பானவற்றைப் பெற்றோரிடம் சொல்வேன், மற்றவற்றைப் பிள்ளையின் இசைவுடன் சொல்வேன்” என்று ஒரு வரையறையை ஏற்படுத்திக்கொள்வர்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2012 எனப்படும் போக்சோ சட்டம் இரகசியத்தைவிட மேலானது. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததையோ நிகழக் கூடும் என்பதையோ அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதத்தை இச்சட்டம் சம்மதமாகக் கருதுவதில்லை என்பதால், பதின்பருவக் காதல் உறவுகளும் இதன் வரம்பிற்குள் வரலாம். இதை ஆலோசகர் தொடக்கத்திலேயே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும்.

கணவன் மனைவி இணைந்து பெறும் ஆலோசனை

இருவரும் சேர்ந்து வரும் ஆலோசனையில், இடையே ஒருவரைத் தனியே சந்திக்கும்போது அவர் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா, மாட்டாரா என்பதை ஆலோசகர் முன்பே அறிவிக்க வேண்டும். இருவரின் செய்திகளும் ஒரே கோப்பில் இருப்பதால், அதன் நகலை ஒருவருக்கு மட்டும் கொடுப்பதற்கு முன் மற்றவரின் இசைவையும் பெறுவது முறை.

பின்னாளில் வழக்கு ஏற்பட்டால், ஆலோசகரின் பதிவுகளை நீதிமன்றம் கோர இயலும். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் அளிக்கும் தனிப் பாதுகாப்பு, மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சொல்வதற்கு இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கடிதம் கண்ட உடனேயே ஆலோசகர் கோப்பைக் கொடுத்துவிடக் கூடாது. சட்டப்படியான ஆணை வேண்டும். அத்தகைய ஆணை வந்தால் உங்களுக்குத் தெரிவிப்பதும், கேட்கப்பட்ட பகுதியை மட்டும் அளிப்பதும் நன்முறை.

குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண் ஆலோசனையில் அதைச் சொன்னால், அவருடைய விருப்பத்தை மீறி அவருடைய கணவரிடமோ மாமியாரிடமோ அதை எடுத்துச் செல்லக் கூடாது. அது அவருடைய பாதுகாப்பையே குலைத்துவிடும்.

அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும்

சில நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தனியார் மையங்கள் வழியாக இலவச ஆலோசனை வழங்குகின்றன. பணம் செலுத்துவது நிறுவனம் என்றாலும், ஆலோசனை பெறுபவர் ஊழியரே. எத்தனை பேர் பயன்படுத்தினர் என்ற எண்ணிக்கை நிறுவனத்திற்குப் போகலாம். யார் வந்தார், என்ன பேசினார் என்பது போகக் கூடாது. முதல் அமர்வுக்கு முன்பே இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

காப்பீட்டுத் தொகை கோரும்போது நோயின் பெயரும் சிகிச்சை விவரமும் காப்பீட்டு நிறுவனத்திற்குச் செல்லும். இதற்கு உங்கள் கையொப்பம் பெறப்படும். அனுப்பப்படும் தாள்களைப் படித்துப் பார்த்த பின் கையொப்பமிடுங்கள். அமர்வுக் குறிப்புகள் முழுவதையும் இணைக்க வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. சுருக்க அறிக்கை போதுமா என்று கேளுங்கள்.

உங்கள் பதிவுகளைப் பார்க்கும் உரிமை

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. அவருக்குக் கடுமையான மனப் பாதிப்பையோ பிறருக்குத் தீங்கையோ விளைவிக்கும் எனக் கருதும் குறிப்பிட்ட பகுதியை வல்லுநர் நிறுத்தி வைக்கலாம். அவ்வாறு நிறுத்தி வைத்தால், மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகும் உரிமை உண்டு என்பதையும் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர்களைப் பொறுத்தவரை, கோரிக்கை பெற்ற 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவுகளை வழங்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதிமுறை.

முதல் அமர்வில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. உங்கள் கல்வித் தகுதி என்ன? எந்த அமைப்பில் பதிவு பெற்றுள்ளீர்கள்? பதிவு எண் என்ன?
2. நான் சொல்வதை எச்சூழல்களில் பிறரிடம் சொல்வீர்கள்? யாரிடம்?
3. என் குறிப்புகள் தாளிலா, கணினியிலா? அவற்றை வேறு யார் பார்க்க முடியும்?
4. என் வீட்டார் தொலைபேசியில் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?
5. எனக்கு எந்த எண்ணில், எந்த நேரத்தில் செய்தி அனுப்புவீர்கள்?
6. என் கோப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?
7. இவை அனைத்தும் தமிழில் எழுதப்பட்ட படிவமாகக் கிடைக்குமா?

இக்கேள்விகளுக்கு எரிச்சலின்றி, தெளிவாக விடை சொல்வது நல்ல மையத்தின் அடையாளங்களுள் ஒன்று. படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர், படிவத்தைத் தமக்குப் படித்துக் காட்டுமாறு கேட்கலாம். கொடுத்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறவும் இயலும்.

இரகசியம் மீறப்பட்டதாகக் கருதினால்

முதலில் நடந்ததை நாள், நேரம், சொல்லப்பட்ட செய்தி ஆகியவற்றுடன் எழுதி வையுங்கள். தொடர்புடைய செய்திகளை அழிக்க வேண்டாம். பின்னர் மையத்தின் பொறுப்பாளருக்கு எழுத்துமூலம் புகார் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றைக் கேளுங்கள். தீர்வு கிடைக்காவிடில்:

• மனநல மருத்துவர் மீதான புகார்: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்
• மருத்துவ உளவியலாளர் மீதான புகார்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்
• மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் உள்ள உரிமைகள் மீறப்பட்டால்: மனநல மறுஆய்வு வாரியம், தமிழ்நாடு மாநில மனநல ஆணையம்
• பதிவு பெறாத ஆலோசகர் உள்ளிட்ட கட்டணச் சேவை வழங்குவோர் அனைவரும்: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்
• கட்டணமில்லாச் சட்ட உதவி: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு

மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மீறுவோருக்கு, முதல் முறை 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஒரு மையத்தில் கசப்பான அனுபவம் நேர்ந்தது என்பதற்காகச் சிகிச்சையையே கைவிட வேண்டாம். உட்கொண்டு வரும் மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அங்கும் இதே இரகசியக் கடமை பொருந்தும்.

உதவி எண்கள்

• டெலிமானஸ் மனநல உதவி (24 மணி நேரமும், தமிழிலும்): 14416
• தமிழ்நாடு சுகாதார உதவி: 104
• குழந்தைகள் உதவி: 1098
• மகளிர் உதவி: 181
• சட்ட உதவி: 15100
• நுகர்வோர் உதவி: 1915
• அவசர உதவி: 112; ஆம்புலன்ஸ்: 108

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. தனிப்பட்ட நிலைமைக்கு ஏற்ற மருத்துவ, சட்ட ஆலோசனைக்கு உரிய வல்லுநரை அணுகவும்.